எம்பிஐ + ஓப்பன்எம்பி சேர்த்ததும் வேகம் பாதியாகிறது: நோடுக்கு எத்தனை ரேங்க், எத்தனை த்ரெட்?

கிண்டி_கட்டம்:

வணக்கம். சி-யில் எழுதிய 3டி வெப்பப் பரவல் சால்வர் ஒன்று. எம்பிஐ (தனித்தனி ப்ராசஸ்கள் செய்தி அனுப்பிப் பேசிக்கொள்ளும் முறை) மட்டும் வைத்து ஓடும்போது ஒழுங்காக ஓடுகிறது. ஓப்பன்எம்பி-யையும் (ஒரே ப்ராசஸுக்குள் பல த்ரெட்) சேர்த்ததும் அதே கோர் எண்ணிக்கையில் இரண்டு மடங்குக்கு மேல் நேரம் எடுக்கிறது. விவரம் முழுதாகக் கொடுத்துவிடுகிறேன்.

கணக்கு: 768 × 768 × 768 கட்டம், டபுள் ப்ரிசிஷன், 7-புள்ளி ஸ்டென்சில் (ஒவ்வொரு புள்ளியும் தன்னையும் ஆறு அண்டைகளையும் வைத்துக் கணக்கிடப்படும்), மூன்று திசையிலும் பீரியாடிக் எல்லை. பழையது, புதியது என்று இரண்டு அரே, அடிக்கு அடி பாயிண்டர் மாற்றிக்கொள்ளும். அரே வரிசை எக்ஸ், ஒய், இசட். இசட் திசைதான் மெமரியில் தொடர்ச்சி. 10 அடிக்கு ஒருமுறை ரெசிடுவலுக்கு (மிச்சப் பிழை) ஆல்ரெட்யூஸ், அதாவது எல்லாரின் மதிப்பையும் சேர்த்து எல்லாருக்கும் கொடுப்பது.

மெஷின்: கிண்டி பக்கத்தில் ஒரு கல்லூரி கிளஸ்டர். 8 நோட், நோடுக்கு 2 சாக்கெட், சாக்கெட்டுக்கு 24 கோர், ஹைப்பர்த்ரெடிங் ஆஃப். நோடுக்கு 192 ஜிபி, டிடிஆர்4-2933, சாக்கெட்டுக்கு 6 சேனல். 100 ஜிகாபிட் இன்ஃபினிபேண்ட். ஸ்லர்ம் (வேலைகளை நோடுகளுக்குப் பங்கிடுவது), ஜிசிசி, ஓப்பன் எம்பிஐ 4.0.

பழைய முறை: 384 ரேங்க் (எம்பிஐ ப்ராசஸ்), கோருக்கு ஒன்று, 8 × 8 × 6 பிரிப்பு.

புது முறை: நோடுக்கு ஒரு ரேங்க், 48 த்ரெட், 2 × 2 × 2 பிரிப்பு. ஓட்டுவது இப்படி:

எம்பிஐரன் -என்பி 8 --மேப்-பை நோட் ./சால்வர்

ஓஎம்பி_நம்_த்ரெட்ஸ் 48. ஸ்டென்சில் லூப்புக்கு மேல் ஒரு பேரலல் ஃபார், அவ்வளவுதான். ஹாலோ (அண்டை ரேங்க்கின் எல்லைப் புள்ளிகளின் நகல்) பரிமாற்றம் பேரலல் பகுதிக்கு வெளியே: எம்பிஐ_டைப்_வெக்டர், ஐசெண்ட், ஐரிசீவ், வெயிட்ஆல். அரே இரண்டும் ஆரம்பத்தில் மெம்செட்.

டாப் போட்டுப் பார்த்தால் ஒவ்வொரு நோடிலும் 2400%-ஐ ஒட்டியே நிற்கிறது.

ஏன் இந்த வேலை என்றால், ஒவ்வொரு ரேங்க்கும் ஒரு பொருட்பண்பு அட்டவணையைத் தன் மெமரியில் வைத்திருக்கிறது. இப்போது 1.5 ஜிபி. 48 ரேங்க்குக்கு 72 ஜிபி, தாங்குகிறது. அடுத்த பதிப்பில் அது 4 ஜிபி ஆகும். 48 × 4 = 192. நோடில் மொத்தமே அவ்வளவுதான்.

எம்பிஐ_த்ரெட்_மல்டிப்பிள் (எல்லாத் த்ரெட்டும் ஒரே நேரத்தில் எம்பிஐ-யை அழைக்க அனுமதி) போட்டால் சரியாகிவிடும் என்று சீனியர் ஒருவர் சொல்கிறார். உண்மையா? நோடுக்கு எத்தனை ரேங்க் என்று எப்படி முடிவு செய்வது?

---

தரமணி_ரேங்க்0:

2400% என்று நீங்களே விடையை எழுதிவிட்டீர்கள். 48 த்ரெட்டும் 24 கோருக்குள் நெருக்கியடிக்கின்றன. இன்னொரு சாக்கெட் சும்மா இருக்கிறது.

காரணம் பைண்டிங், அதாவது ப்ராசஸை எந்தக் கோர்களோடு கட்டிவைப்பது என்பது. ஓப்பன் எம்பிஐ 4.0-இல் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், ரேங்க் எண்ணிக்கை 2-க்கு மேல் போனதும் ஒவ்வொரு ரேங்க்கையும் ஒரு சாக்கெட்டோடு கட்டிவிடும். த்ரெட் எல்லாம் தாய் ப்ராசஸின் சிபியூ முகமூடியைத்தான் எடுத்துக்கொள்ளும், அதனால் அந்தச் சாக்கெட்டைத் தாண்டிப் போக முடியாது. இரண்டு ரேங்க் மட்டும் வைத்துச் சோதித்தால் கதை இன்னும் மோசம்: 2 அல்லது அதற்குக் கீழ் என்றால் ஒரே ஒரு கோரோடு கட்டும், 48 த்ரெட்டும் அந்த ஒரு கோரில்தான். சின்ன அளவில் சோதித்துவிட்டு ஓப்பன்எம்பி-யே உதவாது என்று முடிவு கட்டுகிறவர்களில் பலர் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

இதைப் போடுங்கள்:

எம்பிஐரன் -என்பி 16 --மேப்-பை பிபிஆர்:1:சாக்கெட்:பிஇ=24 --ரிப்போர்ட்-பைண்டிங்ஸ் -எக்ஸ் ஓஎம்பி_நம்_த்ரெட்ஸ்=24 -எக்ஸ் ஓஎம்பி_ப்ளேசஸ்=கோர்ஸ் -எக்ஸ் ஓஎம்பி_ப்ராக்_பைண்ட்=க்ளோஸ் ./சால்வர்

சாக்கெட்டுக்கு ஒரு ரேங்க், ரேங்க்குக்கு 24 கோர். ரிப்போர்ட்-பைண்டிங்ஸ் அச்சிடும் வரியில் ஒவ்வொரு ரேங்க்குக்கும் 24 கோர் தெரிய வேண்டும், இரண்டு ரேங்க்கும் ஒரே கோரைக் காட்டக் கூடாது. அது ரேங்க் அளவில். த்ரெட் அளவில் பார்க்க ஓஎம்பி_டிஸ்ப்ளே_அஃபினிட்டி=ட்ரூ. இது ஓப்பன்எம்பி 5.0-இல் வந்தது, ஜிசிசி கொஞ்சம் புதியதாக இருந்தால் வேலை செய்யும். இரண்டையும் பார்க்காமல் டைமிங் எடுப்பது வீண் வேலை.

ஸ்லர்ம் ஸ்கிரிப்ட்டின் தலைப்பையும் மாற்ற வேண்டும்: நோட்ஸ் 8, என்டாஸ்க்ஸ்-பெர்-நோட் 2, சிபியூஸ்-பெர்-டாஸ்க் 24. பழைய தலைப்பில் 48 டாஸ்க் என்றே விட்டுவிட்டு, --மேப்-பை நோட்-ஐ மட்டும் ஒருநாள் மறந்தீர்களானால் 8 ரேங்க்கும் முதல் நோடிலேயே போய் உட்காரும், மீதி ஏழு நோட் வேடிக்கை பார்க்கும்.

எம்பிஐரனுக்குப் பதில் எஸ்ரன் பயன்படுத்தினால் இன்னொன்று: ஸ்லர்ம் 22.05 முதல், எஸ்பேட்ச் தலைப்பில் கொடுத்த சிபியூஸ்-பெர்-டாஸ்க்கை எஸ்ரன் தானாக எடுத்துக்கொள்ளாது. எஸ்ரன் வரியிலேயே -சி 24 என்று திரும்பக் கொடுங்கள், அல்லது எஸ்ரன்_சிபியூஸ்_பெர்_டாஸ்க் என்ற மாறியை ஏற்றுமதி செய்யுங்கள். நேற்றுவரை ஓடிய ஸ்கிரிப்ட் ஸ்லர்மைப் புதுப்பித்ததும் படுத்துவிடுவதற்கு இதுவே காரணமாக இருப்பது வழக்கம்.

மல்டிப்பிள் உங்களுக்குத் தேவையே இல்லை. எம்பிஐ அழைப்பெல்லாம் பேரலல் பகுதிக்கு வெளியே, முதன்மைத் த்ரெட்டில் நடக்கிறது. அதற்கு ஃபனல்டு (முதன்மைத் த்ரெட் மட்டும் எம்பிஐ-யை அழைக்கும்) போதும். எம்பிஐ_இனிட்-ஐ எடுத்துவிட்டு எம்பிஐ_இனிட்_த்ரெட் போட்டு, கேட்டது ஃபனல்டு, கிடைத்தது என்ன என்று ப்ரொவைடட் மாறியைச் சரிபாருங்கள். கேட்டதைவிடக் குறைவாகக் கொடுத்துவிட்டு நூலகம் அமைதியாக இருக்கலாம், அது பிழையாகத் தெரியாது. மல்டிப்பிள் கேட்டால் ஒவ்வொரு எம்பிஐ அழைப்பும் உள்ளே பூட்டைத் தாண்டித்தான் போகும். 24 பேர் நின்றாலும் தாம்பரம் ஸ்டேஷனில் ஒரே ஒரு டிக்கெட் கவுண்டர் திறந்திருக்கிற நிலைமைதான். த்ரெட்டுக்குத் த்ரெட் தனித்தனி கம்யூனிகேட்டர் (தங்களுக்குள் பேசும் ரேங்க் குழு) கொடுத்துச் சில நூலகங்களில் இதைச் சமாளிக்கலாம், ஆனால் உங்கள் கணக்குக்கு அந்தச் சிக்கல் எதற்கு?

பின்னால் எம்பிஐ அழைப்பைப் பேரலல் பகுதிக்குள் கொண்டுவந்தால் ஒன்றைக் கவனியுங்கள். ஓஎம்பி சிங்கிள் பகுதியை எந்தத் த்ரெட் வேண்டுமானாலும் எடுக்கும், அது ஃபனல்டு விதியை மீறல். குறைந்தது சீரியலைஸ்டு (எந்தத் த்ரெட்டும் அழைக்கலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான்) வேண்டும். ஃபனல்டிலேயே இருக்க வேண்டுமானால் ஓஎம்பி மாஸ்டர். ஆனால் சிங்கிள் முடிவில் தானாக ஒரு பேரியர் (எல்லாத் த்ரெட்டும் வந்து சேரும்வரை காத்திருப்பது) உண்டு, மாஸ்டர் முடிவில் கிடையாது. அதை நீங்கள்தான் போட வேண்டும்.

---

நூமா நாச்சியார்:

தரமணி_ரேங்க்0 சொன்னது முதல் பாதி. நோடுக்கு ஒரு ரேங்க், 48 த்ரெட் என்பதை பைண்டிங் சரிசெய்து ஓட்டினாலும் ப்யூர் எம்பிஐ-யை (த்ரெட் இல்லாத பழைய முறையை) எட்டியிருக்காது. ஏன் என்பது தெரிந்தால் "நோடுக்கு எத்தனை ரேங்க்" என்ற கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

லினக்ஸில் மாலாக் கொடுப்பது முகவரி மட்டும். மெமரிப் பக்கம் (பேஜ்) எந்தச் சாக்கெட்டின் மெமரியில் உட்காரும் என்பது, அதில் முதலில் எழுதுகிற த்ரெட் எங்கே ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. நீங்கள் மெம்செட் செய்வது ஒரே த்ரெட்டில். ஆக இரண்டு அரேயும் முழுக்க ஒரே சாக்கெட்டில். அதன்பின் 48 த்ரெட் வேலை செய்தாலும் எல்லாரும் அந்த ஒரு சாக்கெட்டின் 6 சேனலைத்தான் உறிஞ்ச வேண்டும்.

எண்ணில் பார்ப்போம். 2933 மெகா பரிமாற்றம் × 8 பைட் = சேனலுக்கு 23.46 ஜிபி/விநாடி. 6 சேனலுக்கு 140 சொச்சம், இரண்டு சாக்கெட்டுக்கு 281. உங்கள் கட்டத்தில் நோடுக்கு 5.66 கோடி புள்ளி. புள்ளிக்கு ஒரு படிப்பு, ஒரு எழுத்து, எழுதுவதற்கு முன் அந்தக் கேஷ் வரியைக் கொண்டுவரும் படிப்பு ஒன்று. மொத்தம் 24 பைட். அடிக்கு 1.36 ஜிபி. இரண்டு சாக்கெட்டும் முழுவீச்சில் ஓடினால் குறைந்தபட்சம் 4.8 மில்லிவிநாடி, ஒரே சாக்கெட் என்றால் 9.7. இது காகித எண், நடப்பில் இரண்டுமே கூடும். ஆனால் விகிதம் அப்படியே நிற்கும். அதுதான் உங்கள் "இரண்டு மடங்கு". அதற்கு மேல் போவது பேக்கிங்கினால் (அனுப்ப வேண்டிய சிதறிய தரவை ஒன்றாகச் சேர்ப்பது), அதை வேறு யாராவது எழுதுவார்கள். சாக்கெட்டுக்குச் சாக்கெட் போகும் யுபிஐ இணைப்பும் (பணம் அனுப்புகிற யுபிஐ இல்லை) உள்ளூர் மெமரியைவிட மெல்லியது.

சரிசெய்ய இரண்டு வழி. ஒன்று, ஆரம்ப மதிப்பு போடுவதையும் பேரலல் ஃபாராக எழுதுவது. ஆனால் ஸ்டென்சில் லூப் எப்படிப் பிரிகிறதோ அச்சாக அப்படியே பிரிய வேண்டும்: இரண்டிலும் ஸ்கெட்யூல் ஸ்டேடிக், அதே வெளி லூப், அதே த்ரெட் எண்ணிக்கை. ஒன்றில் கொலாப்ஸ்(2) போட்டு இன்னொன்றில் விட்டால் எல்லை நகர்ந்துவிடும். த்ரெட் பைண்டிங் இல்லாவிட்டால் இது மொத்தமும் அர்த்தமில்லாதது, த்ரெட் நகர்ந்துபோகும், பக்கம் அங்கேயே கிடக்கும்.

இரண்டாவது, சாக்கெட்டுக்கு ஒரு ரேங்க். அப்போது மெம்செட் ஒற்றைத் த்ரெட்டில் நடந்தாலும் கெடுதல் இல்லை, ரேங்க்கே சாக்கெட்டுக்குள்தான் இருக்கிறது. இதனால்தான் நான் எப்போதும் நூமா டொமைனுக்கு (தனக்கென உள்ளூர் மெமரி உள்ள கோர் கூட்டத்துக்கு) ஒரு ரேங்க் என்று தொடங்கச் சொல்வேன். அதற்கு மேல் பெரிதாக்கினால் பக்கம் எங்கே என்ற கவலையை நீங்கள் வாழ்நாள் முழுக்கச் சுமக்க வேண்டும்.

நூமா டொமைன் என்று சொன்னேன், சாக்கெட் என்று சொல்லவில்லை. நியூமாசிடிஎல் --ஹார்ட்வேர் போட்டுப் பாருங்கள். நூமா நோட் 2 என்று காட்டினால் சாக்கெட்டே டொமைன். 4 காட்டினால் பயாஸில் சப்-நூமா க்ளஸ்டரிங் ஆன், டொமைனுக்கு 12 கோர், 3 சேனல். அப்படியானால் 4 ரேங்க் × 12 த்ரெட்: --மேப்-பை பிபிஆர்:2:சாக்கெட்:பிஇ=12. ஓடும்போதே சரிபார்க்க நியூமாஸ்டாட் -பி, பக்கத்தில் ப்ராசஸ் எண். எந்த டொமைனில் எத்தனை எம்பி என்று நெடுவரிசையாக வரும். ஒரே நெடுவரிசையில் குவிந்திருந்தால் நோய் அதுதான்.

---

கிண்டி_கட்டம்:

நன்றி சார், நன்றி அக்கா. நியூமாசிடிஎல் 2 டொமைன்தான் காட்டுகிறது. 2 × 24 போட்டு, பைண்டிங் வரியும் சரிபார்த்தேன். இப்போது ப்யூர் எம்பிஐ-க்குப் பக்கத்தில் வந்துவிட்டது, ஆனால் இன்னும் கொஞ்சம் பின்தங்கியே இருக்கிறது. பெர்ஃப் எடுத்தால் வெயிட்ஆல் சமயத்தில் 23 த்ரெட் பேரியரில் நிற்கிறது.

இன்னொரு விஷயமும் உண்டு. 16 ரேங்க்கை இப்போது 4 × 4 × 1 என்று பிரித்திருக்கிறேன். இதில் ரெசிடுவல் ப்யூர் எம்பிஐ விடையிலிருந்து 13-ஆவது இலக்கத்தில்தான் மாறுகிறது. ஆனால் முன்பு 2 × 2 × 2-இல் மூன்றாவது இலக்கத்திலேயே மாறியது. அப்போது நான் கவனிக்கவில்லை. இரண்டும் ரவுண்டிங்தானா?

---

வேளச்சேரி_வெக்டர்:

13-ஆவது இலக்கம் ரவுண்டிங். கூட்டல் வரிசை மாறினால் கடைசி இலக்கங்கள் மாறும். ஓப்பன்எம்பி ரிடக்‌ஷனில் த்ரெட்டுகளின் பகுதிக்கூட்டல்கள் எந்த வரிசையில் சேரும் என்று உத்தரவாதம் கிடையாது, ஒரே நிரலை இரண்டு முறை ஓட்டினாலே மாறலாம். அதை விடுங்கள்.

மூன்றாவது இலக்கம் ரவுண்டிங் இல்லை, பிழை. பீரியாடிக் எல்லையில் ஒரு திசையில் 2 ரேங்க் மட்டும் இருந்தால் இடது அண்டை, வலது அண்டை இரண்டும் ஒரே ரேங்க். ஒரே டேக் (செய்திக்குக் கொடுக்கும் அடையாள எண்) வைத்து "இடது வாங்கு, வலது வாங்கு, இடது அனுப்பு, வலது அனுப்பு" என்று எழுதியிருப்பீர்கள். நீங்கள் இடதுபக்கம் அனுப்புவது அவருக்கு வலது ஹாலோ. ஆனால் ஒரே ஜோடிக்குள், ஒரே டேக்கில், செய்திகள் அனுப்பிய வரிசையிலேயே பொருந்தும் என்பது எம்பிஐ விதி. அதனால் அது அவர் முதலில் திறந்து வைத்த இடது ஹாலோவில் போய் விழுகிறது. இரண்டும் இடம் மாறிவிட்டன. 8 × 8 × 6-இல் அண்டைகள் வேறு வேறு என்பதால் தெரியவில்லை. திசைக்கு ஒரு டேக், மொத்தம் 6 டேக் கொடுங்கள், தீர்ந்தது. ஹைப்ரிடுக்கு (எம்பிஐ + ஓப்பன்எம்பி) மாறினால் ரேங்க் குறையும், குறைந்தால் இந்த மாதிரி ஒளிந்திருந்தவை வெளியே வரும்.

இனி வேகம். நோட் எல்லையைத் தாண்டும் புள்ளிகளை எண்ணுங்கள்.

8 × 8 × 6-இல் அடுத்தடுத்த 48 ரேங்க் ஒரு நோடில் என்றால் நோடின் பங்கு 96 × 768 × 768 பலகை. தாண்டுவது இரண்டு முகம், 11,79,648 புள்ளி. 2 × 2 × 2-இல் 384-இன் கனசதுரம், 6 முகம், 8,84,736. 4 × 4 × 1-இல் அடுத்தடுத்த இரண்டு ரேங்க் ஒரு நோடில் சேர்ந்தால் 192 × 384 × 768, அதுவும் 8,84,736. ஆக நெட்வொர்க் சுமை 25% குறைவு. ஆனால் இது ஹைப்ரிடின் மகிமை இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ப்யூர் எம்பிஐ-யிலேயே நோடுக்கு 2 × 4 × 6 ரேங்க் என்று அடுக்கினால் நோடின் பங்கு அதே 192 × 384 × 768. ரேங்க்கை அடுக்குவதுதான் விஷயம். கார்ட்_கிரியேட்டில் ரீஆர்டர் 1 கொடுத்தால் நூலகமே பார்த்துக்கொள்ளும் என்று நம்ப வேண்டாம், பல நிறுவல்களில் அது எதையும் மாற்றுவதில்லை.

8,84,736 புள்ளி என்பது 7.1 எம்பி. 100 ஜிகாபிட்டில் 0.6 மில்லிவிநாடி. நாச்சியார் கணக்கில் கணிப்பே குறைந்தது 4.8. எனவே தொடர்பை முழுக்க மறைத்தாலும் கிடைப்பது ஒன்பதில் ஒரு பங்குக்குள்தான். அதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

அப்படியானால் வெயிட்ஆலில் நேரம் எங்கே போகிறது? பேக்கிங்கில். எம்பிஐ_டைப்_வெக்டர் கொடுத்தால் சிதறிய தரவைப் பொறுக்கிச் சேர்ப்பது நூலகத்துக்குள், ஒற்றைத் த்ரெட்டில் நடக்கும். ப்யூர் எம்பிஐ-யில் 48 ப்ராசஸ் ஒரே நேரத்தில் பொறுக்கின, இப்போது நோடுக்கு இரண்டு பேர். மோசமானது இசட் முகம். 2 × 2 × 2-இல் ஒரு இசட் முகத்துக்கு 1,47,456 புள்ளி, ஒவ்வொன்றும் தனிக் கேஷ் வரி. 1.18 எம்பி எடுக்க 9.4 எம்பி தொட வேண்டும். வரிசை நீளம் 386 × 8 = 3,088 பைட் என்பதால் கிட்டத்தட்ட ஒவ்வொரு புள்ளிக்கும் புதிய 4 கேபி பக்கம், டிஎல்பி (பக்க முகவரிகளை நினைவில் வைக்கும் சின்ன கேஷ்) திணறும். எடுக்கவும் அப்படி, போடவும் அப்படி.

4 × 4 × 1-க்கு மாறியதில் இசட் முகம் நெட்வொர்க்கில் இல்லை, நல்லது. ஆனால் பீரியாடிக் என்பதால் ஒரு முனையை மறுமுனை ஹாலோவுக்கு ரேங்க்குக்குள்ளேயே நகலெடுக்கிறீர்களா பாருங்கள். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். உள் லூப்பில் கே = 0, கே = 767 இரண்டையும் வெளியே உரித்து, எதிர்முனையை நேரடியாகப் படியுங்கள். அந்த வரிசை எப்படியும் கேஷில் இருக்கும், ஹாலோவே வேண்டாம்.

மீதி இரண்டு முகம். எக்ஸ் முகம் மெமரியில் தொடர்ச்சி, பஃபரே இல்லாமல் நேராக அனுப்பலாம். ஒய் முகம் 192 துண்டு, துண்டுக்கு 768 புள்ளி, அதாவது 6 கேபி. டைப்_வெக்டரைத் தூக்கிவிட்டு பேரலல் ஃபாரில் துண்டுக்கு ஒரு மெம்காப்பி. 24 த்ரெட்டுக்கு 8 துண்டு வீதம் சரியாகப் பிரியும்.

இவ்வளவும் செய்தபின் வெயிட்ஆல் இன்னும் உறுத்தினால் மட்டும் ஓவர்லேப். பேரலல் பகுதியைத் திறந்து, மாஸ்டர் த்ரெட் வெயிட்ஆலில் உட்காரட்டும். மற்றவர்கள் உள்பகுதியைத் தொடங்கட்டும். உள்பகுதி லூப் ஸ்கெட்யூல் டைனமிக், அப்போதுதான் மாஸ்டர் தாமதமாக வந்தாலும் மிச்சத்தை எடுத்துக்கொள்ளும். லூப்பை எல்லாத் த்ரெட்டும் சந்தித்தாக வேண்டும், மாஸ்டரை அதிலிருந்து விலக்கி இஃப் போடக் கூடாது. முடிவில் பேரியர், பிறகு எல்லைப் புள்ளிகள். டைனமிக் போட்டால் பக்கம் வேறு சாக்கெட்டில் இருக்குமே என்ற பயம் உங்களுக்கு இல்லை, ரேங்க் ஒரே டொமைனில்தான். துண்டு அளவை மட்டும் 1 என்று விடாதீர்கள், எக்ஸ்-ஒய் வரிசைகளில் 16, 32 என்று தொடங்கிப் பாருங்கள்.

ஐசெண்ட் போட்டுவிட்டுக் கணக்கில் இறங்கினால் போதாதா என்று கேட்பீர்கள். பெரிய செய்திகள் ரான்டேவூ முறையில் போகும். எதிராளி தயார் என்ற கைகுலுக்கலை யாராவது எம்பிஐ-க்குள் நுழைந்து கவனித்தால்தான் பல நிறுவல்களில் தரவு நகரும். அதற்காகத்தான் ஒரு த்ரெட்டை உள்ளே உட்கார வைப்பது.

---

ஓஎம்ஆர்_ஒற்றைத்த்ரெட்:

எல்லாரும் ஹைப்ரிடைச் சரிசெய்வதிலேயே நிற்கிறீர்கள். கேள்வியைத் திரும்பப் படியுங்கள். அவருக்கு வேகப் பிரச்சினை எதுவும் முதலில் இல்லை. அட்டவணை 48 பிரதி என்பதுதான் பிரச்சினை. அதற்காக ஓடுகிற நிரலை ஓப்பன்எம்பி-க்கு மாற்றத் தேவையில்லை.

2012-இல் வந்த எம்பிஐ-3.0-இலேயே ஷேர்டு மெமரி விண்டோ (ஒரே நோடின் ரேங்க்குகள் பகிரும் மெமரி) இருக்கிறது. வழி இது: எம்பிஐ_காம்_ஸ்ப்ளிட்_டைப், வகை எம்பிஐ_காம்_டைப்_ஷேர்டு. நோடுக்கு ஒரு கம்யூனிகேட்டர் கிடைக்கும். அதில் எம்பிஐ_வின்_அலகேட்_ஷேர்டு, ரேங்க் 0 மட்டும் 4 ஜிபி கேட்கட்டும், மற்ற 47 பேரும் 0 பைட். ஆனால் அழைப்பு எல்லாரிடமிருந்தும் வர வேண்டும், அது கலெக்டிவ். பிறகு எல்லாரும் எம்பிஐ_வின்_ஷேர்டு_க்வெரி செய்து ரேங்க் 0-இன் முகவரியைத் தன் பாயிண்டராக வாங்கிக்கொள்வார்கள். அதன்பின் அது சாதாரண சி அரே. ரேங்க் 0 நிரப்பியதும் வின்_சிங்க், பேரியர், மறுபடி வின்_சிங்க். படிப்பு மட்டும் என்பதால் அதன்பிறகு எந்த ஒத்திசைவும் வேண்டாம். விண்டோவை ஆரம்பத்தில் லாக்_ஆல், கடைசியில் அன்லாக்_ஆல்.

192 ஜிபி 4 ஜிபி ஆகிவிட்டது, ஸ்டென்சில் லூப்பில் ஒரு வரி மாறவில்லை.

நாச்சியார் சொன்ன பக்க விதி இங்கேயும் உண்டு. ரேங்க் 0 நிரப்பினால் அட்டவணை முழுக்க அதன் சாக்கெட்டில். அடுத்த சாக்கெட்டின் 24 ரேங்க்கும் தூரத்திலிருந்து படிக்கும். அடிக்கடி தேடுகிற அட்டவணை என்றால் நோட் கம்யூனிகேட்டரை சாக்கெட் வாரியாக இன்னொரு முறை பிரித்து, சாக்கெட்டுக்கு ஒரு பிரதி வையுங்கள். 8 ஜிபி, பரவாயில்லை.

இந்த விண்டோ பெரும்பாலும் டெவ்-எஸ்எச்எம் அல்லது அதுபோன்ற தற்காலிகக் கோப்பின் மேல்தான் நிற்கும். டிஎம்பிஎஃப்எஸ் (ராமில் நிற்கும் கோப்பு முறைமை) வரம்பு இயல்பாக ராமில் பாதி, உங்களுக்கு 96 ஜிபி, போதும். டாக்கர் கன்டெய்னருக்குள் ஓட்டினால் இயல்பு 64 எம்பி. ஒதுக்கும்போது பிழை வராமல் போய், நிரப்பும்போது நடுவில் பஸ் எரர் என்று விழலாம். காரணம் தெரியாமல் அட்டவணை படிக்கும் கோடைத் தோண்டிக்கொண்டிருப்பீர்கள்.

இதே தரமணியில் கணித அறிவியல் கழகத்தில் 2004-இல் கப்ரு கிளஸ்டர் வந்தபோது 144 நோட், நோடுக்கு இரண்டே ஜியான். நோடுக்கு இரண்டு ரேங்க், கதை முடிந்தது. நோடுக்கு 48 கோர் வந்தபிறகுதான் பிரதி எடுக்கிற செலவு கண்ணை உறுத்துகிறது. அதற்கு மருந்து பிரதியைக் குறைப்பது. த்ரெட் என்பது அதற்கு ஒரு வழி, ஒரே வழி இல்லை.

---

நூமா நாச்சியார்:

அட்டவணை மட்டும்தான் காரணம் என்றால் ஓஎம்ஆர்_ஒற்றைத்த்ரெட் சொல்வதையே நானும் ஆமோதிக்கிறேன். ஹைப்ரிடில் போக வேறு காரணங்கள் உண்டு, அவை இவருக்கு இருக்கிறதா என்று அவர்தான் பார்க்க வேண்டும். ஒன்று, ரேங்க் ஆயிரக்கணக்கில் போகும்போது செய்தி எண்ணிக்கை. இவருக்கு அடிக்கு 384 × 6 = 2,304 செய்தி, 16 ரேங்க் 4 × 4 × 1 என்றால் 64. எட்டு நோடில் இது பெரிதில்லை, நூறு நோடில் பெரிது. இரண்டு, வேலை ஏற்றத்தாழ்வு: சில பகுதியில் மட்டும் கணக்கு கனமானால் த்ரெட்டுகளுக்குள் டைனமிக்காகப் பங்கிடலாம், ரேங்க்குகளுக்குள் அது பெரும்பாடு. சீரான 7-புள்ளி ஸ்டென்சிலில் அந்தத் தேவையும் இல்லை.

---

கிண்டி_கட்டம்:

டேக் மாற்றியதும் 2 × 2 × 2 விடையும் சரியாகிவிட்டது. இப்போதைக்கு விண்டோ வழியிலேயே போகிறேன், ஹைப்ரிட் கிளையையும் வைத்துக்கொள்கிறேன். ஏனென்றால் அடுத்த பதிப்பில் சில பகுதிகளில் மட்டும் வேதிவினைக் கணக்கு வரும், அக்கா சொன்ன ஏற்றத்தாழ்வு அங்கே கண்டிப்பாக உண்டு.

அதைச் சோதித்துப் பார்த்தபோது ஒரு சந்தேகம். வேதிவினைப் பகுதி ஒற்றைத் த்ரெட்டில் ஓடுகிறது, 24 த்ரெட்டில் உடனே செக்மென்டேஷன் ஃபால்ட். யூலிமிட் -எஸ் அன்லிமிடெட் போட்டும் அப்படியே.

---

தரமணி_ரேங்க்0:

ஃபங்ஷனுக்குள் பெரிய லோக்கல் அரே, அல்லது ப்ரைவேட் கொடுத்த அரே இருக்கும். எக்ஸிக்யூட் செய்யும்போது முதன்மைத் த்ரெட்டின் ஸ்டாக்குக்குத்தான் யூலிமிட் பொருந்தும். மற்ற 23 த்ரெட்டுக்கும் ஓஎம்பி_ஸ்டாக்சைஸ் தனி. 64எம் வைத்துத் தொடங்குங்கள், 24 த்ரெட்டுக்கு 1.5 ஜிபி முகவரிதான் போகும், தொட்ட பக்கம் மட்டுமே மெமரியில் வரும். அதையும் எம்பிஐரன் வரியில் -எக்ஸ் போட்டு அனுப்புங்கள், இல்லாவிட்டால் மற்ற நோடுகளுக்குப் போகாமல் முதல் நோட் மட்டும் தப்பிக்கும் வாய்ப்பு உண்டு.

அதிலும் நிற்காவிட்டால் வேதிவினை ரொட்டீனில் ஸ்டேடிக் மாறி இருக்கிறதா பாருங்கள். பழைய ஃபோர்ட்ரான் கோட் என்றால் சேவ், காமன் ப்ளாக். எம்பிஐ-யில் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் தனிப் பிரதி என்பதால் அவை தொல்லை தராது. த்ரெட்டில் எல்லாரும் ஒரே இடத்தில் எழுதுவார்கள், அப்போது செக்ஃபால்ட்டைவிட மோசமாக, தப்பான விடை சத்தமில்லாமல் வரும். அவற்றுக்கு த்ரெட்ப்ரைவேட். அந்த ரொட்டீன் உள்ளே ஓப்பன்பிளாஸ் கூப்பிட்டால் ஓப்பன்பிளாஸ்_நம்_த்ரெட்ஸ்=1 என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் 24 த்ரெட்டும் ஆளுக்கு ஒரு த்ரெட் கூட்டத்தை இழுத்துக்கொண்டு வரும்.